வெக்கையும் ஆட்டுக்கொல்லியும்



விழுப்புரம் மாவட்டத்தில் அரசூர் என்றோர் ஊர் இருக்கிறது. உங்களுள் பெரும்பாலோர் அதன் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். ஆயினும் கடல் கடந்த நாடுகளில், விலங்குகளின் நோய்களை ஆராயும் கூடங்களில், இவ்வூரின் பெயரை அறிந்தவர் பலர் உளர். ஒரு வைரஸ் கிருமியோடு இணைந்து, ‘அரசூர் 87’ என்று அப்பெயர் அறிவியல் நூல்களில் நிலைபெற்றுவிட்டது. 1987-ஆம் ஆண்டில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரின் செம்மறியாடுகளிடையே பரவிய கொள்ளைநோய்தான், இந்தியாவில் முதன்முதலாக அதன் உண்மைப் பெயரால் இனங்காணப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய்.

‘உண்மைப் பெயரால்’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்நோய் அதற்கு முன் நம் நாட்டில் இல்லை என்று எவரும் ஆணையிட்டுக் கூற இயலாது. வேறொரு நோயின் பெயரில் அது மறைந்து உலவியிருக்கலாம். ஒரே முகச்சாயலுடைய இரு நோய்களை மனிதர் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மூத்த நோயைப் பார்ப்போம். மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயை நம் உழவர்கள் எமனுக்கு அடுத்தபடியாக அஞ்சினர். கடுங்காய்ச்சல் காணும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயின் உட்புறம் புண்ணாகும், பிறகு பேதி தொடங்கும், சில நாட்களில் மாடு மடியும். ஒரு கொட்டிலில் புகுந்தால் ஊரையே வெறுமையாக்கிவிட்டுத்தான் அது வெளியேறும். ஐரோப்பாவில் இந்நோய் விளைத்த அழிவே 1762-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியான் நகரில் கிளாட் பூர்ஷெலா என்பவர் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கக் காரணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆப்பிரிக்காவில் புகுந்து, வடகிழக்கிலிருந்து தென்கோடி வரை பரவியது. மந்தைகள் அழிந்தன, மந்தையை நம்பியிருந்த மக்கள் பசியால் மாண்டனர். எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நிலவிய பெரும் பஞ்சத்திற்கு இந்நோயே முதற் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு.

நம் நாட்டின் கதையும் சிறிதன்று. கால்நடைக் கொள்ளைநோய் பற்றி ஆராய அமைக்கப்பெற்ற குழு 1871-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1889-இல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. கொடிய கிருமிகளை மக்கள் நெருக்கமுள்ள இடத்தில் வைத்து ஆராய்வது தகாது என்பதால், 1893-இல் அதனை இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றினர். இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் என்று இன்று நாம் அறியும் பெருநிலையத்தின் வேர் அதுவே. இராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பேரறிஞரும் 1897-இல் அங்கு வந்து சென்றார். 1920-களில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர் அங்கிருந்துகொண்டு, வெக்கைக் கிருமியை வெள்ளாடுகளின் உடலில் பன்முறை செலுத்தி, அதன் கொடுமையைத் தணித்து, மாடுகளுக்குரிய தடுப்பு மருந்தாக்கினார்.

இதனுள் ஒரு குறிப்பை மறவாது வைத்துக்கொள்ளுங்கள். வெக்கைக் கிருமி ஆட்டின் உடலிலும் வளரும். நம் நாட்டில் ஆடுகளுக்கும் அந்நோய் வருவதுண்டு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எழுதி வந்தனர். ஆகையால் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் பேதியும் கண்ட ஓர் ஆட்டைப் பார்த்த மருத்துவர் ‘இது வெக்கை’ என்று எழுதியதில் வியப்பில்லை. கண் கண்டவற்றையும் நூல் சொன்னவற்றையும் வைத்து எவரும் அவ்வாறே முடிவு செய்திருப்பர்.

இனி, இளைய நோயின் கதைக்கு வருவோம். 1942-ஆம் ஆண்டில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் என்னும் பகுதியில் பணியாற்றிய கார்கடெனெக், லாலன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். ஆடுகள் வெக்கை கண்டவை போல மடிந்தன; ஆனால் அவற்றோடு ஒரே பட்டியில் நின்ற மாடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. மாட்டைக் கொல்லும் நோய் மாட்டைத் தொடாமல் ஆட்டை மட்டும் கொல்லுமா? இது வேறு நோயாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் கருதி, ‘சிறிய அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய்’ என்று பொருள்படும் பெயரைப் பிரெஞ்சு மொழியில் இட்டனர். அப்பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே உலகோர் அதனை இன்றும் பி.பி.ஆர். என்று வழங்குகின்றனர். ஆட்டுக்கொல்லி என்னும் நம் தமிழ்ப் பெயர் அதனினும் நேரானது என்பது என் கருத்து.

எனினும் அவர்கள் கூறியதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. மாட்டு வெக்கைதான் ஆட்டிற்கு ஏற்பத் திரிந்து, மாட்டைத் தாக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்று வாதிட்டோர் 1950-களிலும் இருந்தனர். அவர்களுடைய வாதத்திற்கும் வலிமை இருந்தது. வெக்கைத் தடுப்பூசியை ஆட்டிற்குப் போட்டால் அது இந்தப் புதிய நோயிலிருந்தும் தப்பியது! ஒரு பூட்டின் திறவுகோல் மற்றொரு பூட்டையும் திறந்தால் இரண்டும் ஒரே பூட்டுத்தான் என்று எண்ணத் தோன்றும் அன்றோ? இரு கிருமிகளையும் பல வகையாலும் ஒப்பிட்டு, இவை உறவினரே அன்றி ஒருவரல்லர் என்று கிப்ஸ் முதலியோர் நிறுவியது 1979-இல்தான். மனிதக் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், மாட்டின் வெக்கை, ஆட்டுக்கொல்லி ஆகிய நான்கின் கிருமிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அப்போது தெளிவாயிற்று.

இவ்வுறவுதான் ஆராய்ச்சியாளருக்குப் பெருந்தொல்லையாக அமைந்தது. பழைய சோதனைகள் பலவும், நோயுற்ற விலங்கின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளையோ, கிருமியின் மேலுறைப் பொருளையோ கொண்டு நோயை இனங்காண்பவை. உறவினரான இரு கிருமிகளின் உறுப்புகள் ஒன்றை ஒன்று ஒத்திருந்தமையால், ஒன்றைத் தேடும் சோதனை மற்றொன்றையும் ‘ஆம், இதுவே’ என்று காட்டிவிடும். கண்ணாடிக் குடுவையில் உயிரணுக்களை வளர்த்து, அவற்றில் கிருமியைப் பெருக்கிப் பிரித்தறியும் வழி ஒன்றிருந்தது. அது நம்பத்தக்கது, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். அதிலும் கிருமி உயிரோடு ஆய்வுக்கூடம் சென்றடைய வேண்டும். சித்திரை வெயிலில் மடிந்த ஆட்டின் குடலை எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பேருந்து ஏறி, பல நூறு கல் தொலைவு செல்லும் ஒரு கால்நடை உதவியாளரை நினைத்துப் பாருங்கள். இவ்வகைக் கிருமிகள் வெப்பத்திற்கு ஆற்றாதவை. சென்று சேர்வதற்குள் அவை செத்துவிடும். பிறகு, ‘கிருமி காணப்படவில்லை’ என்று விடை வரும்.

இந்நிலையில்தான் அரசூர் நிகழ்ச்சி வருகிறது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். சைலா என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும், அரசூர்ச் செம்மறிகளின் நோய் வெக்கையன்று, ஆட்டுக்கொல்லியே என்பதை நிறுவி, 1989-இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே 1989-இல் அதாமா டியல்லோ, டாம் பாரெட் முதலிய அறிஞர்கள், இவ்விரு கிருமிகளையும் அவற்றின் மரபுப் பொருளைக் கொண்டே பிரித்தறியும் முறையை வெளியிட்டார்கள். கிருமியின் மரபுப் பொருளுக்கு இணையான ஒரு சிறு துண்டைச் செய்து, அதில் அடையாளமிட்டு, நோயுற்ற விலங்கின் திசுவிலிருந்து எடுத்த பொருளோடு சேர்த்தால், தன் இணையைக் கண்ட இடத்தில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். உறையைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் போய், உள்ளிருக்கும் ஓலையையே படிக்கும் காலம் வந்தது என்று கொள்ளுங்கள்.

ஓலை என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். இவ்வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. என்னும் நெடிய இழை. நான்கே எழுத்துகளால் ஆகிய ஒரு நெட்டெழுத்து அது. ஆட்டுக்கொல்லி வைரஸில் 15,948 எழுத்துகள். வெக்கை வைரஸில் 15,882. எழுத்துகளின் வரிசையைப் படித்துவிட்டால் இது எவருடைய ஓலை என்பதில் ஐயத்திற்கு இடமேது? ஆனால் ஒரு துளி மூக்குநீரில் இருப்பது மிகச் சில இழைகளே. அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கினாலன்றிப் படிப்பதெங்ஙனம்?

அதற்கான வழியை அமெரிக்கரான கேரி முல்லிஸ் 1983-இல் எண்ணிக் கண்டார். அதன் பொருட்டு 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார். பி.சி.ஆர். என்று நீங்கள் அனைவரும் கொரோனாக் காலத்தில் கேட்டுச் சலித்த சொல் அதுவே. ‘மூக்கில் குச்சி விட்டார்கள், மறுநாள் முடிவு சொன்னார்கள்’ என்பதற்கு மேல் அதனைப் பற்றி அறிந்தவர் குறைவு. ஆதலால் சற்று விரித்துரைக்கிறேன்.

பழந்தமிழ் நூல்களின் பதிப்புகளில், இறுதிப் பக்கங்களில், செய்யுள் முதற்குறிப்பு அகராதி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாட்டின் முதற்சொல் தெரிந்தால் பாட்டு இருக்கும் இடம் தெரிந்துவிடும். பி.சி.ஆர். முறையிலும், தேடும் பகுதியின் தொடக்கத்திற்கு ஒன்று, முடிவிற்கு ஒன்று என இரண்டு சிறு துண்டுகளைச் செய்துகொள்கிறார்கள். ஒவ்வொன்றும் இருபது எழுத்து அளவே இருக்கும். மரபுப் பொருளின் இரட்டை இழையை ஏறத்தாழ 95 பாகை செல்சியசு வெப்பத்தில் சூடாக்கினால் இழைகள் இரண்டும் பிரியும். பிறகு 50, 60 பாகைக்குக் குளிர்வித்தால், அச்சிறு துண்டுகள் தத்தமக்குரிய இடத்தில் சென்று ஒட்டும். மீண்டும் 72 பாகைக்கு உயர்த்தினால், ஒரு நொதி அத்துண்டுகளிலிருந்து தொடங்கி எழுத்தெழுத்தாகப் படியெடுத்துச் செல்லும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும், மறுசுற்றில் நான்காகும். சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என நெல் வைக்கச் சொன்ன கதையை உங்கள் கணக்காசிரியர் சொல்லியிருப்பார். இருபது சுற்றில் 10 இலட்சத்தையும், முப்பது சுற்றில் 107 கோடியையும் அது தாண்டிவிடும். இவையெல்லாம் சில மணி நேரத்தில் நடந்தேறும்.

கொதிநிலையை நெருங்கும் வெப்பத்தில் நொதி அழிந்துபோகாதா என்று கேட்கும் மாணவன் நல்ல மாணவன். அழியாத நொதி ஒன்று இயற்கையிலேயே இருந்தது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பகுதியிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியத்தைத் தாமஸ் பிராக் என்பவர் தம் மாணவரோடு கண்டறிந்து 1969-இல் விவரித்திருந்தார். அதனிடமிருந்து பெற்றதே இந்நொதி. வெந்நீரில் உயிர் வாழுமா என்று கண்டறியப் போனவர், ஆட்டின் நோயை அறியும் கருவியைத் தேடிப் போனாரல்லர்! இன்னொரு தடையும் இருந்தது. இந்தப் படியெடுப்பு டி.என்.ஏ.வில்தான் நிகழும், நம் வைரஸோ ஆர்.என்.ஏ.வால் ஆனது. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதியொன்றை டெமின், பால்டிமோர் ஆகிய இருவரும் 1970-இல் தனித்தனியே கண்டறிந்திருந்தமையால் அத்தடையும் நீங்கியது.

வெக்கையையும் ஆட்டுக்கொல்லியையும் இம்முறையால் பிரித்தறிவது பற்றிப் போர்சைத், பாரெட் ஆகிய இருவரின் கட்டுரை 1995-இல் வெளிவந்தது. இப்போது சோதனைச்சாலைகள் பலவற்றில் ‘என்’ என்னும் முதல் மரபணுவைத் தேடுவது வழக்கம். அதற்கொரு காரணம் சொல்வேன். இவ்வைரஸின் ஆறு மரபணுக்களும் ஒரே வரிசையில் நிற்பவை. படியெடுக்கும் பொறி ஒரு முனையில் தொடங்கி மறுமுனை நோக்கிச் செல்லும். வழியில் இடையிடையே நின்றுவிடுவதும் உண்டு. ஆகையால் முதலில் நிற்கும் மரபணுவின் படிகளே மிகுதியாக இருக்கும். மிகுதியாய் இருப்பதைத் தேடினால் விரைவில் அகப்படும் அன்றோ? கண்ணிலோ மூக்கிலோ பஞ்சால் ஒற்றி எடுத்த ஈரமே சோதனைக்குப் போதும். கிருமி வழியில் செத்திருந்தாலும், அதன் ஓலையில் ஒரு துண்டு எஞ்சியிருந்தால் விடை கிடைக்கும். பேருந்தில் பனிக்கட்டிப் பெட்டியோடு சென்றவரின் உழைப்பு இனி வீணாகாது.

இத்துணை முயற்சியும் பெயர் சூட்டும் விளையாட்டா என்று வினவுவோர் உண்டு. எதிர்த்துப் பேசிப் பழகிய என் மாணவர் சிலரும், ‘ஒரே தடுப்பூசி இரண்டுக்கும் பயன்பட்டது என்கிறீர்களே, ஐயா, பிறகு பிரித்தறிந்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்டதுண்டு. நல்ல கேள்வி. நாடெங்கும் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வெக்கையை ஒழிக்கும் முயற்சி 1954-இலேயே இந்தியாவில் தொடங்கிற்று. ஆனால் ஒரு நோய் ஒழிந்தது என்று எப்படி மெய்ப்பிப்பது? முதலில் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் நோயும் வரக்கூடாது; புதிதாய்ப் பிறந்த விலங்குகளின் குருதியில் அதன் சுவடும் இருக்கக்கூடாது. அவ்வேளையில் எங்கோ ஒரு கிடையில் ஆடுகள் மடிகின்றன என்று கொள்வோம். அது வெக்கையானால் நாடு முழுவதும் செய்த முயற்சி பாழ். மீண்டும் கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லியானால் மாடுகளைப் பற்றிய அச்சம் வேண்டாம். ஆடுகளைக் காத்தால் போதும். இன்னது என்று சில நாட்களுக்குள் உறுதியாகச் சொல்லத் தெரியாத நாடு, வெக்கை ஒழிந்தது என்று உலகத்தார் முன் எழுந்து நின்று சொல்ல இயலுமா? ஆடுகளுக்கு வெக்கைத் தடுப்பூசி போடுவதையும் விட்டுவிட வேண்டியிருந்தது; போட்டால் அவற்றின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருள் நோயின் சுவடாகக் கருதப்படும். ஆதலின் ஆட்டுக்கொல்லிக்கென்றே தனித் தடுப்பூசி தேவையாயிற்று.

இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995-இல். நோய்த்தொற்று அற்ற நாடாக 2006-இல் இந்தியா ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகில் கடைசியாகக் கென்யாவின் காட்டெருமைகளிடையே 2001-இல் அது தோன்றி மறைந்தது. 2011-ஆம் ஆண்டில் வெக்கை உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாம் நோய் இதுவே. இவ்வெற்றியின் பெரும்பங்கு தடுப்பூசிகளுக்கும், அவற்றைச் சுமந்து சேற்றிலும் காட்டிலும் நடந்தவர்களுக்கும் உரியது. மூலக்கூற்றுச் சோதனையைப் புகழும் சிலர் இதனை மறந்துவிடுகிறார்கள். சோதனை செய்ததெல்லாம் ஐயத்தை அறுத்ததே. ஆனால் இறுதிக் கட்டத்தில் தேவைப்பட்டதும் அதுவேயாகும்.

ஓலையைப் படிக்கத் தெரிந்த பின், நோயின் பெயரோடு குலமுறையையும் அறிய முடிந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் பாடபேதங்கள் தோன்றும். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை காணப்பட்டால் அவை ஒரு தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் உய்த்துணர்வர். வைரஸும் படியெடுக்கையில் பிழை செய்கிறது; அப்பிழைகள் வழிவழியாகத் தொடர்கின்றன. அவற்றை ஒப்பிட்ட சைலா அம்மையார் முதலியோர், ஆட்டுக்கொல்லி வைரஸ்கள் நான்கு கிளைகளாகப் பிரிந்துள்ளதை 1996-இல் எடுத்துக்காட்டினர். ஆப்பிரிக்காவுக்குரியவை சில, ஆசியாவில் மிகுதியாகப் பரவியிருப்பது நான்காம் கிளை. ஆயினும் 1992-இல் தமிழகத்தில் கிடைத்த ஒரு வைரஸ், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் காணப்படும் மூன்றாம் கிளையைச் சேர்ந்ததாக இருந்தது! நோய்கள் கப்பலேறியோ கால்நடையாகவோ வந்து போகும் வழிகளைக் காட்ட, சுங்கச் சாவடியின் ஏட்டைவிட நான்கெழுத்து ஏடு மேலானதாக அமைந்துவிட்டது.

முக்தேசுவரத்தில் ‘சுங்ரி 96’ என்னும் வைரஸிலிருந்து ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உருவாயிற்று. எட்வர்ட்ஸ் உழைத்த அதே மலைச்சாரல்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரோ, அரசூர்ச் செம்மறியிடமிருந்து பெற்ற ‘அரசூர் 87’ வைரஸையே பணியவைத்துத் தடுப்பூசியாக்கினர். கொல்ல வந்ததைக் காவலுக்கு நிறுத்தியது போலாயிற்று.

நான் பணியாற்றிய பள்ளிகள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. சூன் மாதத்தில் குறிப்பேடும் சீருடையும் வாங்கப் பல வீடுகளில் ஓர் ஆடு சந்தைக்குப் போகும். கிடையில் நோய் விழுந்த ஆண்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பவில்லை என்பதை வருகைப் பதிவேடே சொல்லிவிடும். மாடு வைத்திருப்போரினும் வறியவரின் செல்வம் ஆடு. ஆதலால் மாட்டு நோய்க்குக் காட்டிய ஊக்கத்தை ஆட்டு நோய்க்கும் காட்டவேண்டும் என்பேன்.

உலக நாடுகள் 2015-இல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் கூடி, 2030-க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பதென்று உறுதி கொண்டன. நோய் முதன்முதல் பெயர் பெற்ற அதே நாட்டில் அக்கூட்டம் நிகழ்ந்தது. ஆயினும் நோய் அடங்கிவிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் மங்கோலியாவின் சைகா என்னும் அருகிவரும் மான்களிடையே புகுந்து, அவற்றைப் பெருந்தொகையாக அழித்தது. 2024-இல் கிரீசு, ருமேனியா ஆகிய ஐரோப்பிய நாடுகளிலும் தலைகாட்டியது. வெக்கை வைரஸின் நிலையோ வேறு. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு நிலையத்தார் தம்மிடம் எஞ்சியிருந்த வெக்கை வைரஸ்களின் எழுத்து வரிசையை முற்றும் படித்துப் பதிவு செய்துகொண்டு, 2019-இல் அவ்வைரஸ்களை அழித்துவிட்டனர். வேறு சில ஆய்வுக்கூடங்களில் மட்டும் கடுங்காவலில் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டுக்கொல்லியின் ஓலையோ இன்றும் கிடைக்குக் கிடை, சந்தைக்குச் சந்தை, புதிய பிழைகளோடு படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.